முதலாளியின் அன்னதானப் பந்தல்

அந்த மளிகைக் கடை முதலாளியை நினைத்தாலே, அவர் கல்லாப்பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்த ஏடிஎம் அட்டைகள்தான் கண்ணில் வந்து நிற்கின்றன. எல்லாம் அடி அண்ணாமலையில் எங்கள் தெருப் பெண்களுடையவை. மாதாமாதம் உரிமைத்தொகை வங்கியில் ஏறியதும் அவரே போய் எடுத்துக்கொள்வார். ரகசிய எண்ணெல்லாம் அவருக்கு மனப்பாடம். பதிலுக்கு மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் தருவார். தருவார் என்று சொல்லவே கூசுகிறது. வண்டு விழுந்த துவரம்பருப்பும் சிக்கு வாடை அடிக்கும் கடலை எண்ணெயும் சாமானா? விலை மட்டும் டவுன் கடையைவிடக் கூடுதல்.

இதே மனிதர் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் போடுவார். நெற்றி நிறைய விபூதியோடு, வெளியூர் பக்தர்களுக்குத் தன் கையாலேயே சாம்பார் சாதம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். அந்தச் சாம்பாரில் வண்டு கிடையாது.

என் சித்தியின் அட்டையும் அவரிடம்தான் இருந்தது. சித்தப்பா போன பிறகு வேங்கிக்காலில் வீட்டு வேலை செய்து இரண்டு பெண்களை வளர்த்தவள். சின்னவள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, அவளுக்குக் கொடுக்கச் சித்தி கடையில் முட்டை கேட்டாள்.

"இந்த மாசக் கணக்கு முடிஞ்சிடுச்சும்மா. நாக்க அடக்குனாத்தான் குடும்பம் நடக்கும்" என்றார் முதலாளி, கடை நிறைய ஆள் இருக்கும்போது.

சித்தி வெறுங்கையோடு வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பௌர்ணமிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அவர் பந்தல் வரிசையில் போய் நின்றாள்.

"கூச்சப்படாம வாங்கிக்கம்மா. இல்லாதவங்களுக்குத்தான் போடறேன்" என்றார் அவர், சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

"எங்க காசுல ஆக்குன சோறுதானேங்க, எனக்கென்ன கூச்சம்? இன்னும் ஒரு கரண்டி போடுங்க."

போட்டார். பாதி தரையில் விழுந்தது.

மறுநாளே சித்தி வங்கிக்குப் போய்ப் பழைய அட்டையை முடக்கிவிட்டுப் புதிதுக்கு எழுதிக் கொடுத்தாள். அவர் சாமானை நிறுத்தினார். அட்டை வரும்வரை ரேஷன் அரிசிக் கஞ்சியும் முருங்கைக்கீரையும்தான். சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். பாக்கியைச் சித்தி சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தாள். அடுத்த தொகை கைக்கு வந்ததும் பருப்பும் எண்ணெயும் மாதத்துக்கு வாங்கி வைத்தாள், கூடவே முட்டையும். மாதக் கடைசியில் இப்போதும் கஞ்சிதான். ஆனால் அதைக் குடிக்க எவன் உபதேசமும் தேவையில்லை. அவளைப் பார்த்துத் தெருவில் ஒவ்வொருத்தியாக அட்டையை மீட்டார்கள்.

போன பௌர்ணமிக்கு அந்தப் பக்கம் போனேன். பந்தல் இருந்தது, அவரை வள்ளல் என்று புகழும் பேனரும் இருந்தது. சாதம்தான் இல்லை. காகித டம்ளரில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"விலைவாசி ஜாஸ்தியாயிடுச்சு. முன்ன மாதிரி தர்மம் பண்ண முடியலம்மா" என்றார் என்னிடம்.

வாங்கிக் குடித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.