முகப்பேடு மட்டும்

என் அக்காவுக்கு இப்போது பதினேழு பாட்டுதான் நினைவிருக்கிறது. மொத்தம் நாற்பது. ஒரு காலத்தில் நாற்பதையும் புத்தகம் பார்க்காமல் சொன்னவள். போன வருடம் கீழப்பழுவூரில் தன் வீட்டில் வழுக்கி விழுந்து படுக்கையோடு ஆனபின், கடைசிப் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. பதினேழாவது பாட்டு, முருகனின் மயிலை வா வா என்று அழைப்பதோடு முடியும். அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "அடுத்தது என்னடா?" என்பாள். எனக்குத் தெரியாது. நாற்பது என்கிற எண்ணிக்கையைத் தவிர அந்தப் புத்தகத்திலிருந்து நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. அவள் மறுபடி முதல் பாட்டுக்குப் போவாள். ஒரு மாலைப் பொழுதில் பதினோரு தடவை மயிலை அழைத்தாள். அது வந்ததா இல்லையா என்பது பதினெட்டில் இருக்கிறது.

"பொட்டியில புத்தகம் கெடக்கும். எடுத்துட்டு வாடா" என்றாள்.

பெட்டியில் இல்லை. எங்கே போனது என்பது, அம்மா போனபின், எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பக்திப் புத்தகம் வாங்கினால் முதலில் முகப்புத் தாளைக் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். அதில் சாமி படம் இருக்கும். அட்டையில் ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசை மாடத்தில் வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் பாட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. அது தலையில்லாத முண்டமாகப் பெட்டியில் கிடக்கும். இந்தப் புத்தகத்தின் முகப்பையும் என் தாத்தா காலத்திலேயே எடுத்தாகிவிட்டது. ஆகவே அதன் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. 'மயில் புத்தகம்' என்போம். சட்டத்தின் கண்ணாடி நான் பிறக்கும் முன்பே உடைந்துபோனதாம். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் தாள் மேலேயே வைத்தார்கள். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. பெயர் இருந்த இடம் கெட்டியான ஒரு வில்லையாகிவிட்டது.

நான் சர்வேயராக இருந்து, பெரம்பலூரில் வீடு கட்டிக் குடிபோன வருடம் பெட்டியைக் காலி செய்தேன். புத்தகத்தின் தைத்த பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. பழைய பேப்பர்காரனிடம் போடக்கூடாது, சாமி பாட்டில் வடை மடித்துவிடுவான், ஆற்றில் விட்டுவிடு என்றாள் அம்மா. ஆடிப்பெருக்கன்று திருமானூர் போய், மஞ்சள் நூலால் கட்டிக் கொள்ளிடத்தில் விட்டேன். விடுமுன் எண்ணினேன். இருபது தாள், நாற்பது பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. எண்ணத் தெரிந்தவனுக்கு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அக்காவுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றிருந்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

பழைய அச்சுப் புத்தகங்களின் பட்டியல் முழுவதும் இப்போது கம்ப்யூட்டரில் கிடைக்கிறது என்று பெரம்பலூர் நூலகத்தில் கேள்விப்பட்டேன். வீட்டிலிருந்து அங்கே அறுநூற்று நாற்பது தப்படி. முழங்கால் மக்கர் செய்யும் நாளில் எழுநூறு. ஓய்வு பெற நான்கு மாதம் இருந்த நூலக அம்மாள் திரையைத் திறந்து கொடுத்தார். ஐந்து கட்டங்கள்: பெயர், ஆசிரியர், அச்சுக்கூடம், ஊர், ஆண்டு.

"எதை நிரப்பணும் சார்?"

"பேரு தெரியாதும்மா."

"எழுதுனவரு?"

"தெரியாது."

"வருசமாச்சும்?"

"விகாரி."

"அது அறுவது வருசத்துக்கு ஒருவாட்டி வருமே சார். எந்த விகாரி?"

"அதுவும் தெரியாது."

"பொண்ணு பேரு தெரியாம, ஊரு தெரியாம, பத்திரிகை அடிக்க வந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தனத்துக்குத் தப்பியவை, அடியில் இருந்த 'விகாரி'யும், பெயரின் கடைசியில் 'மாலை' என்ற சொல்லும் மட்டுமே. மாலை என்று கொடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வந்தன. திரைக்கு இருபது வீதம் இருபத்தொரு திரை. ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் என்பதால் ஒன்பது நாள் ஆயிற்று. கோடு போட்ட நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதி அடித்தேன். பெரும்பாலானவற்றுக்கு முகப்பின் படம் இருந்தது. பிள்ளையார், அம்மன், வெறும் பூ வேலைப்பாடு. எல்லா நாளும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். கண் எரிந்ததுதான் மிச்சம். நான்காம் நாள் அக்கா வீட்டிலிருந்து அவள் மருமகள் போன் செய்தாள். பாட்டு பதினாறாகிவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, சோறு இறங்கவில்லையாம்.

முந்நூற்று எண்பத்தொன்பதாவதில் என் மயில் நின்றது. சந்தேகமே இல்லை. அச்சுக்கட்டையில் சில்லு பெயர்ந்ததால் தோகையின் இடது ஓரம் மொட்டையாக இருக்கும். இங்கேயும் அதே மொட்டை. ஆனால் இந்தத் தாளில் சந்தனம் இல்லை, எல்லா எழுத்தும் தெளிவாக இருந்தது. பெயரை எண்பது வயதில் முதல்முறையாகப் படித்தேன். அதற்குக் கீழே, 'நாற்பது செய்யுள்' என்றிருந்தது. என் கணக்கு சரி. கீழே தள்ளும் பொத்தானை அந்த அம்மாள் அழுத்தினார்.

பக்கங்கள்: 1. குறிப்பு: முகப்பேடு மட்டும். கண்ணாடிச் சட்டத்துடன் கிடைத்தது. செய்யுட்பகுதி இல்லை. வேறு படி அறியப்படவில்லை.

இரண்டு தடவை படித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்க வூடு மாதிரியே இன்னொரு வூடு இருந்திருக்கு சார்."

மீதி இருபத்து மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். வேறு படி இல்லை. உலகத்தில் முகப்பு இரண்டு, பாட்டு பதினேழு. அந்தப் பதினேழும் ஒரே தலைக்குள்.

மறுநாள் அரியலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து கீழப்பழுவூர் போய்ச் சேர்ந்தேன். சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

"அக்கா, புத்தகம் இல்ல. ஆடிப்பெருக்குல நான்தான் கொள்ளிடத்துல விட்டேன்."

"அடப்பாவி! ஆத்துல விட்டியா? ஏன்டா, உன்னயப் படிக்க வெச்சதே தப்புடா. ஒரு வார்த்த என்னயக் கேட்டியா?"

"கேக்கல."

அழுதாள். மருமகள் வந்து கண்ணைத் துடைத்துவிட்டு, "எதுக்கு மாமா இப்பப் போயி இதச் சொல்றீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா முதல் பாட்டைத் தொடங்கினாள். பதினேழில் மயிலை அழைத்தாள்.

"அடுத்தது என்னடா? பொட்டியில பாத்தியா?"

மறுபடி சொன்னேன். மறுபடி அடப்பாவி என்றாள், மறுபடி அதே அழுகை. புதிதாகக் கேட்டவளின் அழுகை. மூன்றாம் தடவையும் அப்படியே. திட்டில் ஒரு சொல்கூடக் குறையவில்லை. மன்னிப்பதற்கு வேண்டிய நேரம் அவளுக்கு நினைவு தங்குவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான்காம் தடவை, "பொட்டியில இருக்குக்கா" என்றேன்.

"அப்ப எடுத்துட்டு வா."

"வரேன்."

முகம் தெளிந்து, முதல் பாட்டுக்குப் போனாள். நான் பஸ்ஸுக்கு எழுந்தேன். வாசல்வரை பதினான்கு தப்படி. அதற்குள் ஒரு பாட்டு முடிந்திருந்தது. பதினேழுவரை நிற்க எனக்குத் தெம்பில்லை.