வாய் திறக்காத கந்தோர்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகளின் மகள் எழுதுகிறாள். இடையிடையே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு ஸ்பெயின்காரி இருந்தார். நான் அவரை அக்கா என்பேன். என் பேத்தி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவர் என்னை "அம்மம்மா" என்பார். என்னைவிட எட்டு வயது மூத்தவர்! எங்கள் இருவரிடமும் இருந்த ஜெர்மன் ஒரு கைப்பிடிதான். அதை வைத்துக்கொண்டே பொழுதெல்லாம் கதைப்போம்.

இளம் வயதில் இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், ஊருக்கே திரும்பிப் போய்விட ஆசைப்பட்டார். முழங்கால் விடவில்லை. அவருடைய ஊர் வீட்டில் மனிதர்கள் மாடியில் இருப்பார்களாம், கீழே மாடுகளாம். கேட்டதும் எனக்குப் பெரிய ஆச்சரியம், சாணி மணம் மேலே வராதா என்று விசாரித்தேன். வருமாம், குளிருக்கு அது நல்லதாம். இப்போது மாடுகள் இல்லை. தெருப்பக்கச் சுவரில் ஒரு யன்னல் வைத்து, கொட்டிலைப் படுக்கையறை ஆக்கினால் அவர் படி ஏறாமல் இருக்கலாம். அதற்கு அவருடைய ஊர்க் கந்தோர், ஊர்ச்சபை அலுவலகம்தான், அனுமதி தரவேண்டும். அங்கே இருக்கும் பெறாமகன், தங்கையின் மகன், மனுக் கொடுத்து நாலு மாதம் ஆகியும் பதில் இல்லை.

பேத்தி அப்போது கொலோனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் சட்டம் என்று ஒரு பாடமும் எடுத்திருந்தாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு சாப்பிட வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கந்தோர் பதில் சொல்லாட்டி என்ன பிள்ளை செய்யிறது?"

"ஸ்பெயினில அதுக்கும் சட்டம் இருக்கு அம்மம்மா. குறிச்ச காலத்துக்குள்ள பதில் வராட்டி, பேசாமல் இருந்ததையே ஓம் எண்டு எடுக்கலாம்."

கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டேன். "மெய்யாவோ?"

"ஓம். கந்தோர் சனத்துக்காகத்தான் இருக்கு எண்டு அவையின்ர அரசியலமைப்பே சொல்லுது. அவை கடதாசியைத் தூக்கி வைச்சால் சனம் ஏன் வருந்தவேணும்? ஆனால் எல்லா நாட்டிலயும் அப்பிடி இல்லை. மெக்சிகோவில பேசாட்டி பெரும்பாலும் இல்லை எண்டுதான் கருத்து. ஸ்பெயினிலயும் பாருங்கோ..."

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "பிள்ளைக்குச் சம்மதமோ?" என்று கேட்டார்கள். நான் குசினியில் களவாக எடுத்த பனங்கட்டி கன்னத்துக்குள் இருந்தது. வாயைத் திறந்தால் பிடிபடுவேன். பேசாமல் நின்றேன். ஓம் என்று எடுத்துக்கொண்டு நாள் குறித்துவிட்டார்கள். அந்தச் சட்டம் ஸ்பெயின்வரை போயிருக்கிறதே!

உடனே மேலே ஓடினேன். "அக்கா, பேசாட்டி ஓம்! சட்டம்!" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, தொலைபேசியில் பெறாமகனைக் கூப்பிட்டார். புதன்கிழமை மேசன் சுவரை உடைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னபோது பேத்தி தலையில் கை வைத்தாள்.

"அம்மம்மா, நான் சொன்னதில பாதியைத்தான் கேட்டிருக்கிறியள். அந்த யன்னல் ஊர் விதிக்கு மாறாய் இருந்தால், எத்தினை மாதம் பேசாமல் இருந்தாலும் அது ஓம் ஆகாது. திருப்பிக் கட்டச் சொல்லுவினம். ஓடிப்போய்ச் சொல்லுங்கோ, முதல் ஒரு கடதாசி எடுக்கட்டும். காலம் முடிஞ்சுது, நாங்கள் பதில் சொல்லேல்லை எண்டு கந்தோரே எழுதித் தரவேணும்."

"வாய் திறக்காததுக்கும் கடதாசியோ!"

"ஓம், அதுக்கும்தான்."

படியேறிப் போய்ச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மம்மா, நீ நல்ல வக்கீல்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பன்னிரண்டு நாள் கோப்பி குடிக்க வரவில்லை. படியில் கண்டாலும் பேச்சில்லை. அது ஸ்பெயின் மௌனமா மெக்சிகோ மௌனமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் குளிர் ஊரில் ஓட்டைச் சுவரோடு ஒரு கொட்டில் நிற்பது என் கண்ணுக்குள்ளேயே கிடந்தது. என் வாயால் வந்த வினை. மாதாவுக்குத் தினமும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் மேலே இருந்து கைத்தடியால் நிலத்தில் தட்டும் சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். அக்காவின் கையில் ஒரு கடதாசி. பெறாமகன் கந்தோருக்குப் போய் நின்றானாம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்களாம். பக்கத்து வீடுகளில் இருக்கும் யன்னல் போலத்தான், விதிக்கு மாறில்லை. காலமும் முடிந்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பேசேல்லை எண்டது எந்த இடத்தில எழுதிக்கிடக்கு?" என்று கேட்டேன். அக்கா என் விரலைப் பிடித்து ஒரு வரியில் வைத்தார். தடவிப் பார்த்தேன். மற்ற வரிகளைப் போலத்தான் இருந்தது.

பிறகு அவர் மேசனுக்குத் தொலைபேசி எடுத்தார். தன் பாஷையில் நெடுநேரம் பேசினார், கையை இப்படி அப்படி அகட்டிக் காட்டினார், அவன் ஏதோ பார்க்கிறவன் மாதிரி.

"என்ன அக்கா சொன்னனீங்கள்?"

"ரெண்டு கட்டில் கொள்ளுமோ எண்டு அளக்கச் சொன்னனான்."

"மற்றது ஆருக்கு?"

"உனக்கு. நீ குறட்டை விடுவியோ?"

"விடுவன்" என்றேன்.