டெல்லியம்மாவின் கடுதாசி

சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு மேலாக ஒரு கை நீண்டு அந்தக் காகிதத்தை வாங்கியது. மெலிந்த, நரம்பு தெரிகிற கை. ஆறடி தள்ளி, பந்தோபஸ்துக்கு இழுத்து வரப்பட்ட வருவாய்த்துறை ஊழியர்களில் ஒருவனாக நான் நின்றிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம், தர்மபுரியில் ஒரு மைதானம், மண்டையைப் பிளக்கும் வெயில். அதுவரை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த நாற்காலியில் முதல் பெண்ணாக உட்கார்ந்து நாட்டை ஆண்ட அம்மையார், மேடைக்குப் போகும் வழியில் திடீரென்று திசைமாறித் தடுப்புப் பக்கம் வந்துவிட்டார். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. அதிகாரிகள் பதறி ஓடினார்கள். யாருக்கும் எளிதில் மரியாதை கொடுத்துவிடாத நான்கூட என்னை அறியாமல் நிமிர்ந்து நின்றேன். அவர் மாலைகளை வாங்கி வாங்கிப் பின்னால் கொடுத்தார். ஒரே ஒரு காகிதத்தை மட்டும் வாங்கி, கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து, தோளைத் தொட்டார். அரை நிமிடம் இருக்கும். பிறகு காகிதம் பின்னால் வந்த உதவியாளரிடம் போனது. அது எனக்கு எதிரான புகார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காகிதத்தைக் கொடுத்தவரை மனுதாரர் என்றே சொல்கிறேன். பெயர் தெரியும். ஆனாலும் அவரோடு எனக்கிருந்த உறவு கோப்பு வழியாக வந்த உறவு. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால், சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. இருந்தவை நான்கு புளியமரங்கள். புறம்போக்கில் கணவர் நட்டு, இருவரும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. இப்படிப்பட்ட மரங்களுக்கு அரசாங்கம் 2-சி பட்டா என்று ஒன்று தரும். நிலம் அரசுக்கு, காய் வளர்த்தவருக்கு. பட்டாதாரர் இறந்தால் பட்டாவும் அவரோடு போய்விடும். மரங்களைப் பராமரித்து வரும் வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மனுதாரர் விண்ணப்பித்தார். அதே மரங்களுக்கு அந்த ஊர்ப் புளி மண்டிக்காரரும் விண்ணப்பித்தார். யார் பராமரிக்கிறார்கள் என்று நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டியது வருவாய் ஆய்வாளர். அதாவது நான்.

நான் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மரங்களுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும், சித்திரை மாதம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டேன். மேற்படி மரங்கள் மனுதாரரால் பராமரிக்கப்படவில்லை" என்று எழுதினேன். மண்டிக்காரர் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவர் கொடுத்திருந்தால் அதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். டீக்கு மட்டும் அவர் சொல்லியிருந்தார். ஸ்தலப் பார்வையைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது எங்கள் இலாகாவில் குற்றம் என்று யாரும் நினைத்ததில்லை. எழுத்து சுத்தமாக இருந்தால் போதும். என் எழுத்து மிகவும் சுத்தமானது.

மனுதாரர் அதைக் கேள்விப்பட்டு முதலில் என்னிடம்தான் வந்தார். "மரத்த வந்து ஒருவாட்டி பாருங்க சார். பாத்துட்டு என்னா வேணா எழுதிக்குங்க" என்றார். அறிக்கை மேலே போய்விட்டது, ஆட்சேபணை இருந்தால் மேல் அதிகாரியிடம் சொல்லிக்கொள் என்றேன். "எம்மா மேல சார்?" என்று கேட்டார். எவ்வளவு மேலே வேண்டுமானாலும் போ என்றேன். எதிரே இருப்பவரை அனுப்பிவைக்க நாங்கள் பயன்படுத்தும் வழக்கமான வாக்கியம் அது. அதை யாரும் உத்தரவாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டார். மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கி, விடியலில் பஸ் ஏறி, தர்மபுரி மைதானத்தில் காலையிலிருந்து தடுப்பைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். "கலெக்டருக்கும் மேல ஒரு பொம்பள உக்காந்துக்கினு இருக்கறா, அவளும் என்னாட்டம் தாலியறுத்தவதான, அவளுக்குத் தெரியாதா" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மனு என்பது தண்ணீர் மாதிரி. எவ்வளவு உயரத்தில் ஊற்றினாலும் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மாவட்டம், அங்கிருந்து கோட்டம், கோட்டத்திலிருந்து தாலுகா. ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை, ஒரு சுருக்கொப்பம், "தக்க நடவடிக்கைக்கு" என்ற ஒரே வாசகம். நான்கு மாதம் கழித்து அது என் மேசையில் வந்து படுத்தது. (இப்போது எல்லாம் கைப்பேசியில் நடக்கிறது. போன மாதம் என் தெருச் சாக்கடைக்காக மனு போட்டேன். மூன்றாம் நாள் "தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. சாக்கடை அங்கேயேதான் இருக்கிறது. வேகம் கூடியிருப்பதை மறுக்க முடியாது.) புகாருக்கு உள்ளானவரே விசாரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். கோப்பைத் தூக்கிக்கொண்டு தாசில்தாரிடம் போனேன்.

"உம்ம மேல இருக்கற புகார் பத்தி உம்மளவிட விவரம் தெரிஞ்சவன் யாருய்யா இருக்கான்?" என்றார் அவர். "டெல்லி சீட்டு ஒட்டியிருக்கு, ரெண்டு நாள்ல பதில் போவணும். எழுதும்."

எழுதினேன். வருவாய் ஆய்வாளர் நேர்மையாக நடந்துகொண்டுள்ளார் என்றும், மனுதாரர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது என்றும் எழுதி, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கினேன். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்ல வார்த்தைகள் எழுதியதில்லை.

இதற்கிடையில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. டெல்லி அலுவலகம் மனுதாரருக்கு நேரடியாக ஒரு கடிதம் போட்டுவிட்டது. ஆங்கிலத்தில் மூன்று வரி. மனு கிடைத்தது, உரியவர்களுக்கு அனுப்பப்பட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. ஆனால் மேலே மூன்று சிங்க முகம் தெரியும் முத்திரை இருந்தது. தாள் தடிமனாக இருந்தது. அந்த ஊருக்கு அதற்கு முன் அப்படிப்பட்ட தாள் வந்ததில்லை. மனுதாரர் அதைக் கண்ணாடித் தாளில் பொதிந்து, மாசி மாதம் புளி உலுக்கும் நேரம் வந்தபோது பெரிய மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மண்டிக்காரரின் ஆட்கள் தொரட்டியோடு வந்தவர்கள், சிங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். மண்டிக்காரரே வந்து எட்ட நின்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்ததாகச் சொல்வார்கள். அந்த ஒரு பருவம் நான்கு மரத்துக் காயும் மனுதாரர் வீட்டுக்கே போனது. பெண்கள் அவர் வாசலில் உட்கார்ந்து ஓடு உடைத்தார்கள். டெல்லியம்மா நேரில் வந்து காவல் இருப்பதாக ஊர் பேசிக்கொண்டது. நான் அந்த அலுவலில் இருந்த வருடங்களில் ஒரு அரசாங்கக் கடிதம் ஏழை ஒருவருக்கு அந்த அளவு பயன்பட்டு நான் கண்டதில்லை. அதை யாரும் படிக்காததுதான் அதற்குக் காரணம்.

அடுத்த மாசிக்கு முன் உத்தரவு வந்துவிட்டது. மரங்கள் மண்டிக்காரருக்கு. ஒப்படைக்க நான் நேரில் போக வேண்டும், ஒப்படைப்பில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் டீக்கடையில் முடிக்க முடியாது. அன்றுதான் அந்த மரங்களை முதன்முதலாகப் பார்த்தேன். அடியில் வட்டமாகப் பாத்தி கட்டி, களை இல்லாமல் கொத்திவிட்டிருந்தது. தண்டில் கரையானுக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசியிருந்தது. நான்காவது மரம் இளசு, அதைச் சுற்றி முள் அடைத்திருந்தது. பராமரிக்கப்படவில்லை என்று நான் எழுதியது அந்த மரங்களைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். உத்தரவு என் பையில் இருந்தது.

ஊரே திரண்டிருந்தது. மண்டிக்காரர் மரத்தில் தொங்கிய கடிதத்தைக் காட்டி, "மொதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்க சார். இதுல என்னாதான் எழுதியிருக்குது?" என்றார். மனுதாரருக்கு அதைவிட மகிழ்ச்சி. கட்டை அவிழ்த்து, முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். "எல்லாருக்கும் கேக்கறாப்புல படிங்க சார். இவுங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

என்னால் வேறு மாதிரி படித்திருக்க முடியும். பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி ஒப்படைப்பைத் தள்ளிவைத்திருக்கலாம். மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதி, நேரில் பார்த்ததில் மரங்கள் நன்கு பராமரிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அதற்கும் வழிமுறை உண்டு. அப்படிச் சொன்னால் முதல் அறிக்கை பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். துணைத் தாசில்தார் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. கடிதத்தை வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல், பிழையில்லாமல் தமிழில் படித்தேன். தங்கள் மனு பெறப்பட்டது. தக்க நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. இப்படிக்கு, பிரிவு அலுவலர்.

"அந்தம்மா கையெழுத்து இல்லீங்களா?" என்றார் மனுதாரர்.

"இல்லை. அந்த உரிய அலுவலர் நான்தான்" என்றேன். கேட்கப்படாத தகவல் அது.

கூட்டத்தில் ஒருவன், "ஏ அக்கா, டெல்லிக்கி ஏத்திவுட்ட பஸ்ஸு நம்மூரு மந்தைக்கே வந்து நின்னுக்குச்சாட்டம் இருக்குதே!" என்றான். சிரிப்பு வெடித்தது. போன வருடம் அவர் வாசலில் ஓடு உடைத்த பெண்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். மண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், அது நல்ல நகைச்சுவை.

மனுதாரர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் கண்ணாடித் தாளில் வைத்தார். "அந்தம்மா எழுதுனது சரியாத்தான் இருக்குமுங்க சார். நீங்க படிக்கறதுதான் தப்பு" என்றார். ஒப்படைப்பில் கைநாட்டு வைக்க மறுத்தார். "கையெழுத்திட மறுத்தார்" என்று குறித்து இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினேன். மறுப்பதற்கும் வழிமுறை உண்டு. அந்த மாசியில் மண்டிக்காரர் மரங்களை உலுக்கினார். கீழே காய் பொறுக்கிய கூலிப் பெண்களில் மனுதாரரும் இருந்தார். வேறு வேலை அந்த ஊரில் அப்போது இல்லை.

அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் அந்த அம்மையார் கொல்லப்பட்ட செய்தி வந்தது. கடைகள் அடைத்திருந்தன, பஸ் ஓடவில்லை. சில நாள் கழித்து அலுவலக வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டு வரிசையாக நின்றோம். கூட்டம் கலைந்த பிறகு மனுதாரர் வந்தார். நடந்தே வந்திருக்கிறார், கால் முழுக்கப் புழுதி. படத்தின் முன் நின்று வாய்விட்டு அழுதார். எங்கள் அலுவலகத்தில் அன்று உண்மையாக அழுத ஒரே ஆள் அவர்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒண்ணு கேக்கணுங்க சார். எங்கூட்டுக்காரரு செத்ததும் பட்டாவும் செத்துப்போச்சுன்னீங்க. இப்ப அந்தம்மாவும் போயிட்டாங்க. இந்தக் கடுதாசி செல்லுமுங்களா?"

"நான் படிக்கறதே தப்பாச்சேம்மா. என்னை எதுக்குக் கேக்கற?"

"படிக்கத்தான் சார் உங்களுக்கு வராது. சட்டம் தெரியுமில்ல?"

சட்டம் தெரியும்தான். அலுவலகம் போட்ட கடிதம் ஆளோடு சாவதில்லை. வந்த அன்றைக்கு அது எவ்வளவு செல்லுபடியாக இருந்ததோ, அதே அளவு என்றைக்கும் செல்லுபடியாகும். ஒரு பொய்யும் சொல்லாமல் பதில் சொல்ல முடிந்தது.

"செல்லும்" என்றேன்.

"எப்பவுமுங்களா?"

"எப்பவும்."

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "அப்ப மாசி வந்தா மண்டிக்காரருகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் சொல்லவில்லை. மாசியில் அவர் கடிதத்தை மரத்தில் கட்டிவிட்டு அதன் கீழே உட்கார்ந்துகொண்டார். அவரை அப்புறப்படுத்தக் கோரி மண்டிக்காரர் மனு கொடுத்தார், அது என் மேசைக்கு வர அரை நாள் ஆனது. அதில் நம் மனுதாரர் எதிர்மனுதாரர். போலீஸுக்குப் பரிந்துரைத்து அன்று மாலையே அறிக்கை எழுதினேன். இந்த முறையும் நேரில் போகவில்லை. மரங்களைத்தான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே.