கேட்காமலே எழுதிய "இல்லை"

மடுல்சீமைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் முதல் தடவையாகக் கிளினிக் வைத்தபோது, பண்டாரவளையில் ஆசிரியராக இருந்த என்னை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வந்த சிங்கள டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் நன்றாக வரும். தலைக்கனம் ஏற அது போதாதா? சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். நினைத்தால் இன்னும் கூசுகிறது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில்தான் கிளினிக். தொட்டில்களை ஒதுக்கி, சேலையால் மறைப்புக் கட்டி, அதற்குப் பின்னால் டாக்டரம்மா இருந்தார். வாசலில் என் மேசை. தொழிலாளர்களுக்குப் புதிதாக வந்த காப்புறுதித் திட்டத்துக்கும் அங்கேயே ஆள் சேர்த்தார்கள். படிவம் நிரப்புவது என் வேலை. அதில் ஒரு கேள்வி, ஏதாவது நோய் உண்டா என்று. உண்டு என்றால் மறைப்புக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். இல்லை என்றால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம்.

எங்கள் பெண்கள் அதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள், ஒன்றும் இல்லைங்க என்று. நோய் என்று காகிதத்தில் ஏறினால் அது தோட்டத்து ஆபீசுக்குப் போகும், வேலைக்கு ஆகாதவள் என்று பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? என் அம்மாவே காய்ச்சலோடு மலையேறிவிட்டு அப்படித்தான் சொல்லுவாள். இரண்டு தரம், மூன்று தரம் கேட்பதற்காகத்தானே என்னை அங்கே உட்கார வைத்தார்கள். நானோ, பனி இறங்குவதற்குள் வேன் புறப்பட வேண்டும் என்று அவசரப்படுத்தியதால், காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மிச்சமிருந்த படிவங்கள் எல்லாவற்றிலும் "இல்லை" என்று எழுதி வைத்துவிட்டேன். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்தேன்.

மத்தியானம் என் அண்ணி வந்தார். அண்ணன் கொழும்பில் கடை வேலை, அண்ணிதான் இங்கே கொழுந்து எடுத்துப் பிள்ளைகளை வளர்க்கிறவர். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே வந்திருந்தார். கையெழுத்துப் போட்ட பிறகும் நகரவில்லை. பின்னால் நின்ற ஆம்பளைகளைத் திரும்பிப் பார்த்தார், குனிந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"பின்னால ஆளுங்க நிக்கிறாங்க அண்ணி. அப்புறமா வீட்டுல பேசிக்கலாம்."

சரிங்க தம்பி என்று போய்விட்டார். சாயந்தரம் நான் வீட்டுப் பக்கமே போகவில்லை. வேலையை வெகு சீக்கிரம் முடித்துக் கொடுத்ததற்கு டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவன்.

அதற்கு அடுத்த வருஷம் அண்ணன் போன் பண்ணினான். அண்ணிக்கு மார்பில் கட்டியாம், பதுளை ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருக்கிறார்களாம், சிங்களத்தில் பேச ஆள் வேண்டுமாம். நான் கூட்டிப் போனேன். பஸ்ஸில் அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். எப்போதிருந்து அண்ணி என்று கேட்டேன்.

"கிளினிக் வச்சாங்கல்ல, அப்பவே இருந்துச்சு தம்பி. சுண்டைக்காய் அளவுதான். அன்னைக்கு அதைக் கேக்கத்தான் வந்தேன்."

குரலில் என்மேல் ஒரு குறையும் இல்லை. நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். முகம் இறுகியிருந்தது. கட்டி எவ்வளவு காலமாக இருக்கிறது, மருந்துக்கு அது ரொம்ப முக்கியம், சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பிறகு, இதுவரை யாருமே இவரைப் பார்க்கவில்லையா என்று கேட்டு என் முகத்தையே பார்த்தார். இரண்டையும் அண்ணியிடம் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. அண்ணி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். என் நிலைமையைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"இப்பதாங்க, ஒரு மாசமா இருக்குன்னு சொல்லுங்க தம்பி. நான்தான் யாருக்கிட்டயும் காட்டலன்னு சொல்லுங்க."

அதை ஒரு சொல் விடாமல் அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.