அண்ணன் வாங்கிய பேஸ்பால் கார்டுகள்

அண்ணன் செத்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து என் இலைக்கு முன்னால் வைத்தாள். பெட்டிக்குள் நாற்பத்தொரு பேஸ்பால் கார்டுகள், ஆட்டக்காரர்கள் படம் போட்ட சின்ன அட்டைகள். எல்லாமே அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அடித்தவை. அண்ணன் குவைத்தில் ரெண்டு லீவை விட்டுக்கொடுத்து வாங்கியவை.

"இத வித்துட்டு ஊரோட வந்துருவேன், பிள்ளய நல்ல ஸ்கூல்ல சேத்துருவேன்னு அவிய சொல்லுவாவ. நீதான் அங்க கூட இருந்த. இது வெலைக்குப் போவுமா, போவாதா? சொல்லு" என்றாள்.

மாமா, பெரியப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையை இலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"எல்லாம் டூப்ளிகேட் மைனி. இத வித்த வெள்ளக்காரன் அண்ணன நல்லா ஏமாத்திட்டான்" என்றேன்.

அது பொய். கார்டு அத்தனையும் அசல். அதைக் கெடுத்தது நான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எட்டாம் வகுப்பை ரெண்டு தடவை படித்தேன். ஊரில் கடலுக்கும் போகாமல் வேலைக்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை, கம்பெனிக்காரன் காலில் விழாத குறையாக விசா எடுத்து குவைத்தில் ஃபஹாஹீலுக்குக் கூட்டிப்போனது அண்ணன்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மலையாளியின் ஜெராக்ஸ் கடையில் வேலை. ஜெராக்ஸ், போட்டோ, லேமினேஷன். அண்ணன் எண்ணெய்க் கிணறுகள் பக்கம் ஸ்கஃபோல்டிங் போர்மேன். ரெண்டு வாரம் பாலைவனத்தில் கேம்ப், பிறகு நாலு நாள் ரூம். ரூமில் நாங்கள் ஆறு பேர்.

அவன் சைட்டில் வயசான ஒரு அமெரிக்கக்காரர் இன்ஸ்பெக்டராக இருந்தார். சின்ன வயசிலிருந்து அவர் சேர்த்த கார்டுகள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன. ரிட்டயர் ஆகப்போகிறார், கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறார். வருஷம் போகப் போக இதற்கு விலை ஏறும் என்று அவர் சொன்னது அண்ணன் மண்டையில் ஏறிவிட்டது. மற்றவர்கள் நகைச்சீட்டு கட்டினார்கள், மனை வாங்கினார்கள். இவன் படம் வாங்கினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டிலில் சுத்தமான விரிப்பைப் போடுவான். என்னை சோப்புப் போட்டு கை கழுவிவிட்டு வரச்சொல்லுவான். கை காய்ந்த பிறகுதான் பக்கத்தில் விடுவான். அடுத்து வாங்கலாமா என்று பார்க்க அமெரிக்கக்காரர் கொடுத்துவிட்ட கார்டுகளை ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்ப்பான்.

புதுக்கோட்டைக்காரர் ஒருத்தர், டிரைவர், எங்கள் ரூமில் இருந்தார். அவருக்கு இதைப் பார்த்தாலே வாய் நிற்காது.

"என்னப்பா, மங்காத்தாவா? எனக்கும் ஒரு கை போடு."

"இது சீட்டு இல்லண்ணே. முதலீடு."

"முதலீடா? இந்தாளு யாரு, ஒன் மாமனா? உலக்கையத் தூக்கிட்டு நிக்கிறான்."

"அது மட்டைண்ணே. அமெரிக்காக்காரன் கிரிக்கெட்."

"அப்ப இந்தியாக்காரன் படத்த வாங்கேன். சூயிங்கம்முக்கு சும்மா குடுத்தானே, நான் ஒரு டவுசர் பை நெறய வச்சிருந்தேன்."

"அத இப்ப வச்சிருந்தா நீரு வண்டி ஓட்ட வேண்டாம்" என்பான் அண்ணன், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கார்டு பார்க்கத் தெரிந்துகொண்டான். ஆட்டக்காரன் ஆட வந்த முதல் வருஷத்துக் கார்டா என்று பார்க்கணும், அதற்குத்தான் கிராக்கி. மூலை நாலும் ஊசி மாதிரி நிற்கணும். மடிப்பு இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடணும். லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியணும், வழுவழுவென்று இருந்தால் இப்போது அடித்தது.

"எல்லாத்துக்கும் மேல இதப் பாரு" என்று ஒன்றை என் மூக்குக்கு நேரே காட்டுவான். "படம் நட்ட நடுவுல இருக்கணும். நாலு பக்கமும் வெள்ள ஓரம் சமமா. இதுல எடது பக்கம் கூட, வலது பக்கம் கம்மி. அங்கேயே வெல போச்சு."

"பெறவு எதுக்கு இத வாங்குன?"

"நடுவுல இருக்கது நமக்குக் கட்டாதுல. கோணலா இருந்தாத்தான் நம்ம கைக்கு வரும்."

அப்படிக் கோணலானவை பதினொன்று இருந்தன. அதை நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மண்டையில் ஏறாது. இது ஏறிவிட்டது.

லீவு வந்தால் கம்பெனி டிக்கெட்டும் சம்பளமும் தரும். ஊருக்குப் போகாவிட்டால் அதைக் காசாக எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் ரெண்டு தடவை காசாக எடுத்தான். அவன் கடைசியாகப் பார்த்தபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு நடந்தாள், பேசினாள். வீடியோவில் அவனைப் பார்த்து "போன் அப்பா" என்பாள். அவன் சிரித்துவிட்டு போனை வைத்ததும் பெட்டியைத் திறந்து கார்டைப் பார்ப்பான். குளிர்காலத்தில் அமெரிக்கக்காரர் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய் விற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தார். அதன்பிறகு ஒரேயடியாக ஊர்.

ஆகஸ்டில் எங்கள் ரூமில் ஏசி நின்றுபோனது. கடல் பக்கத்துப் புழுக்கம், சுவரே வேர்த்தது. அண்ணன் கேம்பிலிருந்து போன் போட்டான்.

"லேய், பெட்டி கீழயா கெடக்கு? மேல எடுத்து வை. ஈரம் பட்டுச்சுன்னா செத்தோம்."

எடுத்துப் பார்த்தேன். ஒரு கார்டின் ஓரம் லேசாக உப்பின மாதிரி தெரிந்தது.

எனக்குத் தெரிந்து உலகத்தில் பத்திரமாக இருக்கவேண்டியதை எல்லாம் லேமினேஷன்தான் போடுவார்கள். பத்தாக்கா என்கிற குவைத் அடையாள அட்டையின் ஜெராக்ஸ், லைசென்ஸ், மாதா படம், செத்துப்போன அப்பா போட்டோ, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் என் கையால் நாள் முழுக்கப் போட்டுக்கொடுத்தவன் நான். மலையாளி மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதும் பெட்டியோடு உள்ளே போய் ஷட்டரை இறக்கினேன்.

சும்மா போட்டாலே போதும். நான் அதோடு நிற்கவில்லை. கோணலாக இருந்த பதினொன்றையும் தனியே எடுத்தேன். ஸ்கேல் வைத்து அளந்து, அகலமாக இருந்த வெள்ளை ஓரத்தைக் கட்டரில் மயிரிழை மயிரிழையாகச் சீவினேன். நாலு பக்கமும் சமம். படம் நட்ட நடுவில். மூலை மழுங்காமல் பார்த்துக்கொண்டேன். கார்டை ஷீட்டுக்குள் வைத்து மெஷினுக்குள் விட்டால் அந்தப் பக்கம் சூடாகப் பளபளவென்று வந்தது. நாற்பத்தொன்று முடிய ரெண்டு மணி நேரம். அண்ணன் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நான் தனியாகச் சிரித்தேன். அவனுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைத்தேன்.

அண்ணன் கேம்பிலிருந்து வந்ததும் குளிக்கக்கூட விடாமல் பெட்டியைக் கையில் கொடுத்தேன். ரூமில் எல்லோரும் இருந்தார்கள்.

"என்னல இது?"

"லேமினேஷன் போட்டுட்டேன்ணே. இனி ஈரம் எறங்காது. கோணலா இருந்ததயும் சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டியா?"

"ஆமா. வெட்டி, நாலு ஓரமும் சமமாக்கிட்டேன். நீதான சொன்ன?"

அவன் ஒரு கார்டை எடுத்து நகத்தால் பிளாஸ்டிக்கைக் கிளப்பினான். பிளாஸ்டிக்கோடு ஆட்டக்காரன் முகமும் சேர்ந்து உரிந்து வந்தது. உள்ளே வெறும் வெள்ளை அட்டை. போட்டோ எடுத்து அமெரிக்கக்காரருக்கு அனுப்பினான். அவர் பதிலுக்கு வாய்ஸ் அனுப்பினார். கேட்டுவிட்டு அண்ணனே எங்களுக்குத் தமிழில் சொன்னான்: "வெட்டுன கார்டையும் சூடு வச்ச கார்டையும் ஒருத்தனும் வாங்கமாட்டானாம். இனி இது வெறும் படமாம். பிள்ளைக்கு வெளையாடக் குடுக்கச் சொல்லுதாரு."

புதுக்கோட்டை டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "விடுப்பா. ரெண்டு லீவையும் தம்பி பத்திரமா பிளாஸ்டிக்ல போட்டு வச்சிருக்கான். தண்ணியில விழுந்தாக்கூட நனையாது."

ரூம் சிரித்தது. சிரித்தபிறகுதான் அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"எட்டாங் கிளாஸையே ரெண்டு வருசம் படிச்ச எருமைய எந்தம்பின்னு கூட்டியாந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். ஒனக்குப் பதிலா இங்க ஒரு நாயக் கட்டிப் போட்டிருந்தா, கார்டு கார்டாவே இருந்திருக்கும்."

எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. நானும் வார்த்தையை விட்டேன். "நீ மட்டும் பெரிய இவனா? பெத்த பிள்ள மொகத்தப் பாக்காம பொம்மப் படம் வாங்குனவந்தான நீ?"

அவன் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். நாலு நாளும் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றைத் தொடவில்லை, வெளியே போய்த் தின்றான். கேம்புக்குக் கிளம்பும்போது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஒன் கை பட்ட எதுவும் வெளங்காதுல."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. அஞ்சாம் நாள் டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு வரிசையில் நின்றவன் அப்படியே விழுந்துவிட்டான். நெஞ்சு. முப்பத்திநாலு வயசு. கேம்பிலிருந்து யாரோ இந்திக்காரன் போன் பண்ணினான். "பாய், உன் அண்ணன் கலாஸ்" என்றான். இங்கே தண்ணீர் கேன் தீர்ந்தாலும் அதே வார்த்தைதான்.

பாடியை அனுப்ப ஒன்பது நாள் ஆனது. பேப்பர் எல்லாவற்றையும் எங்கள் கடையிலேயே நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு லேமினேஷன் மெஷின் பக்கத்தில் நான் நின்ற நிலையைப் பார்த்து மலையாளி பயந்துபோய்க் கத்தினார்: "மோனே, ஒரிஜினலுக்கு லேமினேஷன் போடாதே கேட்டோ! எம்பசில எடுக்கமாட்டா!" எனக்கு அது தெரியும். சீல் வைக்கவேண்டிய பேப்பரை லேமினேஷன் போடக்கூடாது என்பது கடையில் முதல் நாளே படித்த பாடம். சில பொருளை அப்படியே விட்டால்தான் மதிப்பு என்று தெரிந்த வேலையில்தான் நான் இருந்தேன்.

கார்டுப் பெட்டியைப் பாடியோடு நானே ஊருக்குக் கொண்டுவந்தேன். அதன்பிறகுதான் முப்பதாம் நாள், அந்தப் பொய்.

சொன்ன உடனே பெரியப்பா மோரை ஊற்றிக்கொண்டே, "பாலைவனத்துல காயக் காயச் சம்பாதிச்சு, வெள்ளக்காரன் தாத்தா படத்த வாங்கியிருக்கான் பாரு. இவன் அப்பனும் இப்படித்தான்" என்றார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கல்லறைக்குப் பூ வைக்கப் போன அம்மாவிடம்கூட யாரோ, "ஒம் மூத்தவன் சீட்டு வாங்கி ஏமாந்தானாமே" என்று கேட்டார்கள். அம்மா வந்து என்னிடம் அழுதாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மைனி அந்தப் பந்தியிலேயே என்னைப் பார்த்துவிட்டு, கார்டு எல்லாவற்றையும் பிள்ளையின் மடியில் கொட்டினாள்.

திரும்ப ஃபஹாஹீலுக்கு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வீடியோ போட்டால் பிள்ளை தரையில் கார்டுகளைத் தட்டித் தட்டி விளையாடுவது தெரியும். மண், தண்ணீர், குழம்பு, எச்சில் எல்லாம் அதன்மேல் படும். துடைத்தால் பளபளவென்று ஆகிவிடும். நல்லா போட்டிருக்கிறேன் லேமினேஷன்.

மூணு மாசம் அதைப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் மைனியிடம் சொல்லிவிட்டேன்.

"மைனி, அது டூப்ளிகேட் இல்ல. நாந்தான் வெட்டிக் கெடுத்துட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கேம்புக்குப் போற பஸ்ல இருந்து அன்னைக்கே எனக்குப் போன் போட்டாவ. எல்லாத்தயும் சொன்னாவ. அழுதாவ. பெறவு, 'அவன ரொம்பப் பேசிட்டேன். அவனுக்குப் புத்திதான் கெடயாது, பொய் கெடயாது. அடுத்த ஆஃபுக்கு வந்து சமாதானப்படுத்திருவேன்'னாவ."

"பெறவு எதுக்கு மைனி அத்தன பேரு முன்னால எங்கிட்ட கேட்டிய?"

"ஒனக்குப் பொய் கெடயாதுன்னு அவிய சொன்னது நெசந்தானான்னு பாக்க."

பின்னால் பிள்ளை கார்டைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பாத்துட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை என் தலையில் விட்டிருக்கிறாள். ஊரில் அண்ணன் இன்னும் ஏமாந்தவன்தான். அதனால்தான் தப்பும் தவறுமாக இதை எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் படித்தால் போதும், எந்த வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும். தெரியட்டும். பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டட்டும். அமெரிக்கக்காரர் ஏமாற்றவில்லை. அண்ணன் ஏமாறவில்லை. கை கழுவி, லென்ஸ் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து நல்ல கார்டாகத்தான் எடுத்தான்.