மூன்றாம் மாடியைக் கண்காணித்த நோட்டு

கெய்ரோவின் ஷுப்ராவில் நாங்கள் பிறந்த கட்டடத்திலேயே என் அக்கா இன்ஷிராஹ் இன்னும் இருக்கிறாள். மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. மாலையில் திரும்பியதும் நேரே மூன்றாம் மாடி ஏறி, தனியாக இருக்கும் பெரியவர், நாங்கள் மரியாதையாக உஸ்தாத் என்றழைக்கும் வாஸிஃப் உஸ்தாதுக்கு இன்சுலின் போடுவாள். நான் கனடாவில் இருக்கிறேன்.

சிறுவயதில் இருவருக்கும் துப்பறியும் சிறுவர் கதைப் பைத்தியம். சட்டைப்பையில் அடங்கும் புத்தகங்கள், மாதம் ஒன்று வரும். அவள் தோள்வழியே நானும் படிப்பேன். முடிப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். கதையில் வருவதையெல்லாம் செய்து பார்த்தோம். சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. உஸ்தாத் வீட்டுக்கு வியாழன்தோறும் நண்பர்கள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: வந்த நேரம், சட்டை நிறம், கையிலிருந்த பை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று செப்டம்பரில், அரசுக்கு எதிரானவர்கள் என்று நகரெங்கும் ஆள் பிடித்தார்கள். சாதாரண உடையில் வந்தவர்கள் மிரட்டியதும், கட்டடக் காவல்காரர் இத்ரீஸ் பயந்துபோய், படிக்கட்டுக்கடியில் நாங்கள் ஒளித்திருந்த நோட்டை எடுத்து நீட்டிவிட்டார். யாருடையது என்று தெரியாது, கிடந்தது என்றாராம். அவர்கள் பிடித்துப்போன உஸ்தாத் எட்டு மாதம் கழித்து வந்தபோது முன்பல் இரண்டு இல்லை. நாங்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். உஸ்தாதுக்கு எண்பத்தாறு, அதிக நாள் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள் அக்கா. வேண்டாம், இனி வராதே என்று அவர் சொல்லிவிட்டால் அவருக்கு யார் ஊசி போடுவார்கள் என்று கெஞ்சினேன். நீ விமானம் ஏறிவிட்டாய், தினம் அவர் முகத்தில் முழிக்கிறவள் நான் என்றபடி மாடியேறினாள். நானும் பின்னால் போனேன்.

"மெதுவா குத்து பொண்ணே, நான் என்ன மெத்தையா?" என்றார் அவர்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "உஸ்தாத், உங்களப் புடிச்சுட்டுப் போனாங்களே, அந்த நோட்டு... எழுதினது நான்தான்."

தூக்கிப் பிடித்திருந்த சட்டையை அவர் இறக்கவில்லை.

"தெரியும். அந்த நோட்ட என் முன்னாடிதான் போட்டாங்க. உன் பள்ளிக்கூட நோட்டுல போடற அதே பூவ பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல வரைஞ்சு வெச்சிருந்தே. இதுல என்ன ரகசியம்னு அந்தப் பூவைக் காட்டிக் காட்டியே அடிச்சானுங்க."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன். சொல்லியிருந்தால் கூசிப்போய் இந்தப் படியே மிதித்திருக்க மாட்டாள், அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றார்.

அவள் எழுந்து, கை கழுவி, ஊசியைப் போட்டு முடித்தாள்.

"நாளைக்கு வருவியா?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"வராம எங்க போறேன்?" என்றாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டே.