சித்தியின் தொண்டை

என் சித்தி நான்காம் வகுப்பு ஆசிரியை. அவள் பள்ளியில் ஒரு நீளமான கூடத்தை நடுவில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் சித்தி, அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு சார். தடுப்பு கூரைவரை போகவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து, பலகை தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ, நின்றுவிட்டது. சார் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் சித்தியின் பிள்ளைகளுக்கு உதடு தானாக அசையும். சித்தி கதை சொன்னால் அங்கே கணக்கு நின்றுவிடும். இருவருக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஆனால் ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவரும் உயர்த்தித்தானே ஆக வேண்டும். அப்படியே வருஷக்கணக்காக உயர்ந்துகொண்டு போனது. பிள்ளைகள் சித்திக்கு வைத்த பெயர் சைரன் டீச்சர். அது அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

வீட்டிலாவது தொண்டைக்கு ஓய்வு உண்டா என்றால் அதுவும் இல்லை. சித்தப்பா மரம் அறுக்கும் ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று பாதிக் காதைத் தொலைத்தவர். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று சித்தி கேட்பது தெருமுனைவரை கேட்கும்.

முதலில் சாயங்காலங்களில்தான் குரல் கரகரத்தது. வெந்நீர் குடித்துச் சமாளித்தாள். பிறகு வாரக் கடைசிக்குள் தேய்ந்துவிடும், ஞாயிறு கழிந்தால் திரும்பி வரும். ஒரு நாள் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லில் பாதிதான் வந்தது, மீதி வெறும் காற்று. கதைக்காக டீச்சர் குரலை மாற்றுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் சின்னச் சின்ன முடிச்சுகள்.

"மண்வெட்டி பிடிக்கிற கை காய்ச்சுப் போற மாதிரிதாம்மா இதுவும். இனிமே கத்தக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்."

"அப்ப எப்படித்தான் பேசுறது?"

"கொஞ்ச நாளைக்குப் பேசாம இருக்கிறதுதான்," என்றவர், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். பதில் தெரிந்ததும் விடுப்புக்குச் சான்றிதழ் எழுதினார்.

மறுநாள் சித்தி தலைமையாசிரியையிடம் போனாள். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. விடுப்பை நான் தடுக்க மாட்டேன், ஆனால் பதிலுக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள், உங்கள் பிள்ளைகளையும் சாரிடம்தான் உட்கார வைக்க வேண்டும் என்றார். ஏற்கெனவே சாருக்கு ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். தடுப்பையாவது கூரைவரை ஏற்றலாமே என்று சித்தி கேட்டாள். எழுதி எழுதிக் கை வலிக்கிறது, புதுக் கட்டடம் வரப்போகிறது என்றே பதில் வருகிறது என்றார் அவர். அந்தக் கட்டடம் நான் பள்ளியில் படித்த காலத்திலேயே வரப்போவதாக இருந்தது. சித்தி விடுப்பு எடுக்கவில்லை.

விஷயம் தெரிந்து சார் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு வாரம்தான். அவர் மெதுவாகப் பேசப் பேசப் பின்பெஞ்சுக்காரர்கள் தங்கள் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். சார் மேஜையைத் தட்டினார், டஸ்டரால் கரும்பலகையில் அடித்தார். முன்னைவிட இரைச்சல் கூடியது. பழையபடியே நடத்துங்கள் சார் என்று சித்தியே ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

அடுத்து, சித்தப்பா இடுப்பில் கட்டும் சின்ன ஒலிபெருக்கி ஒன்று வாங்கி வந்தார். அன்று காலை சித்திக்கு உயிர் வந்தது போலிருந்தது. பூவின் பாகங்களைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் பேசினாள், கூடம் முழுக்கக் கேட்டது. கூடம் முழுக்க என்பதுதான் வில்லங்கம். சதுரத்துக்கு எத்தனை பக்கம் என்று சார் கேட்டதற்கு ஒரு பெண் எழுந்து, மகரந்தத் தூள் என்றாளாம். இடைவேளையில் சார் தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. என் பிள்ளைங்க பாதிப் பேர் உங்க பாடத்தைத்தான் எழுதிட்டு இருக்காங்க," என்றார். ஒலிபெருக்கி அலமாரிக்குப் போனது.

சரி, பேசாமலேயே நடத்துவோம் என்று பாடக்குறிப்பையே மாற்றி எழுத உட்கார்ந்தாள். அரையாண்டு விடுமுறை முழுக்க வீட்டுத் தரையில் அட்டை, கத்தரிக்கோல், பசை. எழுது என்பதற்கு ஒரு நிறம், வாசி என்பதற்கு ஒரு நிறம், அமைதி என்பதற்குச் சிவப்பு. பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பிள்ளைகளே சேர்த்துப் படிக்கிற மாதிரி செய்தாள். நானும் உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தேன்.

முதல் நாள் புது விளையாட்டு கிடைத்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்கு. சில நாளில் அது சப்பென்று ஆகிவிட்டது. அட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளை முதலில் அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். குரல் முதுகுக்குப் பின்னாலும் போய்ப் பிடித்து இழுக்கும், அட்டை இழுக்காது. கடைசி வரிசையில் இரண்டு பேர் கத்தரிக்கோலுக்கு அடித்துக்கொண்டார்கள். சித்தி சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி பெஞ்சுகளுக்கு இடையில் ஓடினாள். போய்ச் சேருவதற்குள் ஒருவன் கையில் கீறல் விழுந்துவிட்டது. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் எழுந்தாள். "கை கட்டு. வாய் மூடு. கண்ணு இங்க." சொல், ஏற்ற இறக்கம், நடுவில் விடுகிற மூச்சு எல்லாம் அப்படியே சித்தி. வகுப்பு கப்சிப் ஆனது.

மறுநாளிலிருந்து சித்தி கரும்பலகையில் எழுதுவாள், வாயாடி உரக்கச் சொல்லுவாள். பாடங்கள் மளமளவென்று நடந்தன. குரல் வந்துவிட்டதா டீச்சர் என்று பெஞ்சில் ஏறித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து சார் விசாரித்தார். சித்தி அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள்.

சில வாரம் கழித்து வாயாடியின் அம்மா வந்தாள். தையல்காரி. மகளின் கையைப் பிடித்தபடி வகுப்பு வாசலிலேயே நின்றாள்.

"நான் குறை சொல்ல வரல டீச்சர். ராத்திரியெல்லாம் இருமுறா. குரல் கம்மிப் போச்சு. பேசாம படுடின்னா, 'நாளைக்கு நான்தானேம்மா வகுப்பு எடுக்கணும்'ங்கறா. அவளுக்கு இதுல ரொம்பப் பெருமை. ஆனா சின்னத் தொண்டை டீச்சர்."

இனிமேல் அவளைச் சொல்ல விட மாட்டேன் என்று சித்தி சொன்னாள். சொன்னது காற்றாகத்தான் வந்தது. தையல்காரிக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்பது போல மகளைப் பார்த்தாள். அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொண்டு கரகரத்த குரலில் எடுத்துச் சொன்னது.

"இனிமே நான் வேண்டாமாம், அம்மா."

அதற்குப் பிறகு வாயாடி சித்தியின் முகத்தைப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டால் கரும்பலகையைப் பார்த்துப் பதில் சொல்வாள். அந்த வாரக் கடைசியில் சித்தி விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். இரண்டு ஆட்கள் வந்து தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள், எல்லாப் பிள்ளைகளும் சாரிடம் போனார்கள். சாரைப் பார்க்க நேர்ந்தால் அவள் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். அவர் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று என்னிடம் எழுதிக் காட்டினாள்.

குரல் பாதி திரும்பியது, அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது சித்தி அதே பள்ளியில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். நல்ல வேலைதான். ஒரு பையன் போன மாதம் முதன்முறையாக ஒரு பக்கம் முழுக்கத் தடுமாறாமல் வாசித்தானாம்.

இது பரவாயில்லையா சித்தி என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. இவங்களுக்கு நான் பேசுறது கேக்குது," என்றாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "ஆனா ஒரு வகுப்பே சேர்ந்து நிமிர்ந்து பார்க்கும் பாரு, அது…"